தில்லையம்பலத்தின் பிரெஞ்சு

ஏப்ரல் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியை ஜெனவியேவ் அதைச் சொன்னார். ஜூன் கடைசியில் இந்த ஆண்டு வகுப்பு முடிகிறது. அன்று வெளியாட்களைக் கூப்பிடப்போகிறேன். நீங்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, இந்தப் பகுதியில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றி ஒரு பெரிய மட்டையில் படமும் எழுத்துமாகச் செய்துகொண்டு வர வேண்டும். பிறகு அதைக் காட்டி எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் பேச வேண்டும்.

வகுப்பில் இருந்த பதினான்கு பேரும் வளர்ந்த ஆண்கள். பாரிசின் லா ஷப்பேலில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில், செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்தப் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. உணவகங்களில் மதியச் சாப்பாடு முடிவதற்கும் இரவு வேலை தொடங்கும் ஆறு மணிக்கும் இடையில் கிடைக்கும் நேரம் அது. பாதிப் பேர் தட்டுக் கழுவிய ஈரம் காயாத கையோடு வந்து உட்காருவார்கள். ஜெனவியேவ் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

அருட்பிரகாசம் பக்கத்தில் இருந்த தில்லையம்பலத்தைப் பார்த்தார். அவன் முன்னமே சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்ரர், நானும் நீங்களும்தானே?"

"வேறை ஆர்?" என்றார் அருட்பிரகாசம்.

யாழ்ப்பாணத்தில் அருட்பிரகாசம் ஒன்பது வருடம் கணக்கு வாத்தியார். தில்லையம்பலம், அவர் தினமும் பள்ளிக்கூடம் போன பருத்தித்துறை பஸ்ஸின் கொண்டக்டர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பாரிசுக்கு வந்த மூன்றாவது நாள், தங்க இடமில்லாமல் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்ற அருட்பிரகாசத்தை, "மாஸ்ரர்!" என்று ஒரு குரல் உள்ளிருந்து கூப்பிட்டது. அன்று மாலையே தில்லையம்பலம் தன் அறையில் அவருக்கு ஒரு மெத்தைக்கு இடம் ஒதுக்கினான். ஐந்து பேர் இருந்த அறை ஆறு பேருடையதானது. தட்டுக் கழுவும் வேலையும் அவன் பிடித்துக் கொடுத்ததுதான்.

அதற்குப் பதிலாக ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் அருட்பிரகாசம் போன அக்டோபரில் அவனை இந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "நீரும் வாரும். நாலு சொல்லாவது பிடிபடும்" என்றார். ஆரம்பத்தில் எழுத்துகளைக் கூட அவரே கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

நான்கு சொல் நானூறானது மாசி மாதத்துக்குள். தில்லையம்பலத்துக்குக் கொப்பி எழுத வராது. வினைச்சொல் அட்டவணையைப் பார்த்தாலே கொட்டாவி விடுவான். ஆனால் வாயைத் திறந்தால் பேசினான். ரொட்டி விற்கும் பாண் கடைக்காரியோடு, மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பேப்பர் விற்பவனோடு, உணவகத்தில் சமையற்காரனோடு, யாரோடும். பஸ்ஸில் நெரிசலுக்குள் புகுந்து புகுந்து பேசிய அதே வாய். அருட்பிரகாசத்துக்கு அட்டவணை முழுவதும் மனப்பாடம். பரீட்சைத் தாளில் பிழையே வராது. ஆனால் ஒரு பிரெஞ்சு முகம் எதிரே வந்து நின்றால், வாக்கியத்தைத் தலைக்குள் கட்டி முடிப்பதற்குள் அந்த முகம் போய்விடும்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. முன்பு விசா அலுவல் பார்க்கும் பிரிபெக்சரிலிருந்து யாருக்காவது கடிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் அகராதியை விரித்து வைத்து, கண்ணாடியை மாட்டி, வரி வரியாகச் சொல்வார். எல்லோரும் சுற்றி நிற்பார்கள். இப்போது கடிதத்தோடு நேரே தில்லையம்பலத்திடம் போனார்கள். அவன் வாசிக்கமாட்டான். "வாரும், போய்க் கேப்பம்" என்று ஆளையே கூட்டிக்கொண்டு போய்விடுவான். போய், கவுண்டரில் இருப்பவளைச் சிரிக்க வைத்து, அலுவலையும் முடித்துக்கொண்டு வருவான்.

திரும்பி வந்ததும், "மாஸ்ரர், அவள் சொன்னதிலை ஒரு சொல் விளங்கேல்லை, என்னெண்டு பாருங்கோ" என்று அவரிடம் கேட்பான். அந்த மரியாதைதான் அருட்பிரகாசத்தைக் கூடுதலாக எரித்தது.

ஆகவே ஜெனவியேவ் இந்த வேலையைச் சொன்னபோது அவருக்கு உற்சாகம் பிறந்தது. எழுத்து, ஒழுங்கு, தலைப்பு, உபதலைப்பு. இது படித்தவனுடைய வேலை. அடுத்த திங்கட்கிழமை, இருவருக்கும் விடுமுறை நாள், தேநீர்க்கடையின் கடைசி மேசையில் மட்டையை விரித்தார். அளவுகோல் வைத்து ஓரம் கூடக் கீறியிருந்தார்.

"மெத்ரோ மேம்பாலத்தை எடுப்பம். நான் தூணுகளை எண்ணி வைச்சிருக்கிறன். எந்த வருசம் கட்டினது, எவ்வளவு உயரம், எல்லாம் நூலகத்திலை எடுக்கலாம்."

தில்லையம்பலம் தேநீரை ஊதினான். "ஆர் மாஸ்ரர் தூணைப் பற்றிக் கேக்கப்போகினம்? இஞ்சை உள்ள சனத்துக்கு அது தெரியும்தானே. லாவரியை எடுப்பமே?"

"லாவரியோ?"

"ஓம். நாங்கள் உடுப்புத் தோய்க்கிற இடம். எல்லாச் சனமும் அங்கை வருது. அரபுக்காரர், கறுப்பர், கிழவியள், நாங்கள். மெஷின் சுத்திற நேரம் நாற்பது நிமிசம் ஒருதருக்கும் ஒரு வேலையும் இல்லை. கதைச்சுத்தானே ஆகோணும்."

"ஊத்தை உடுப்பைப் பற்றிக் கதைக்கவோ எங்களைப் பெரிய ஆக்களுக்கு முன்னாலை நிப்பாட்டுகினம்?"

முடிவு எடுக்க முடியாமல் வெள்ளிக்கிழமை இரண்டையும் ஜெனவியேவிடம் சொன்னார்கள். அருட்பிரகாசம் மேம்பாலத்தைப் பற்றி எழுதி வைத்த ஆறு வாக்கியங்களை வாசித்தார். ஜெனவியேவ் தலையசைத்து, "மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார். தில்லையம்பலம் எழுந்து நின்று, போன கிழமை லாவரியில் யாரோ மறந்துபோன ஒரு சிவப்புக் காலுறை தன் வெள்ளைச் சட்டையை என்ன செய்தது என்று சொன்னான். ஜெனவியேவ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வகுப்பே சிரித்தது. லாவரி என்று முடிவானது.

அன்று உணவகத்தில் அருட்பிரகாசம் இரண்டு கோப்பைகளை உடைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் கொப்பியோடு லாவரிக்குப் போனார்கள். அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துக் கவனித்தவள் ஜிஸ்லேன் என்ற அறுபது வயதுப் பெண். தில்லையம்பலத்தைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "என்ன மிசியே தில்லி, இன்றைக்கு வேலையில்லையா?" என்று கேட்டாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபது வருடக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். இங்கே சந்தித்துக் கல்யாணம் கட்டியவர்கள், மெஷினுக்குள் பூனைக்குட்டியை விட்ட குழந்தை, ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு மேசைவிரிப்பைக் கொண்டுவந்து தோய்க்கிற கிழவர்.

அருட்பிரகாசத்துக்கு எல்லாம் விளங்கியது. ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வாக்கியத்தைத் தயார்செய்தார். வினைச்சொல்லைச் சரிபார்த்தார். வாயைத் திறந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. ஜிஸ்லேன் அவரைப் பார்த்துவிட்டுத் தில்லையம்பலத்திடம் கேட்டாள்: "உன் கூட்டாளி ஊமையா?"

"இல்லையில்லை, அவர் பெரிய வாத்தியார்" என்று அவன் அவசரமாகச் சொன்னான். "எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்ததே அவர்தான்."

ஜிஸ்லேன் நம்பாத முகத்தோடு, "அப்படியா" என்றாள்.

இருவரும் அறைக்கு நடந்தார்கள். ஊமை என்ற சொல் அருட்பிரகாசத்தின் காதுக்குள் இருந்தது. பக்கத்தில் நடந்த தில்லையம்பலம், வழியில் கண்டவர்களுக்கெல்லாம் போன்ஜூர் என்று வணக்கம் சொன்னான். ஒவ்வொரு போன்ஜூரும் தன்னைக் குத்துவதற்கே சொல்லப்பட்டதாக அவருக்குத் தோன்றியது. அது நியாயமில்லை என்றும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் தணியவில்லை.

மறுநாளிலிருந்து அவர் திருத்தத் தொடங்கினார்.

வேலையைப் பிரித்துக்கொண்டது இப்படி: தில்லையம்பலம் வாயால் சொல்ல, அருட்பிரகாசம் எழுத, அதை அவன் பாடமாக்க. தில்லையம்பலம் தெருவில் கேட்டபடி "ஷே பா" என்பான், தெரியாது என்பதற்கு. அருட்பிரகாசம் பேனையை வைத்துவிடுவார்.

"அப்பிடி இல்லை. ஜ நு சே பா. திருப்பிச் சொல்லும்."

"எல்லாரும் ஷே பா எண்டுதானே சொல்லுகினம்?"

"எல்லாரும் சொன்னால் சரியோ? நீர் கதைக்கிறது தெருப் பிரெஞ்சு. மேரியிலையிருந்து பெரிய ஆக்கள் வருவினம். இப்பிடிக் கதைச்சால் முகத்துக்கு முன்னாலை ஒண்டும் சொல்லமாட்டினம், பின்னாலை சிரிப்பினம். தமிழ்ச்சனத்தைப் பற்றி என்ன நினைப்பினம்?"

மேரி என்றால் நகரசபை. அந்தச் சொல் தில்லையம்பலத்தைத் தொட்டது. "மெய்தானோ மாஸ்ரர்? சிரிப்பினமோ?"

"நான் ஏன் பொய் சொல்லுறன்?"

ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் பிழை கண்டார். இருந்த பிழைகளோடு இல்லாத பிழைகளையும் கண்டார். யாரும் வாயால் சொல்லாத, புத்தகத்தில் மட்டும் இருக்கிற வினைவடிவங்களைத் தேடிப் போட்டார். கொப்பியில் பக்கம் அழகாக நிறைந்தது. தில்லையம்பலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து பாடமாக்கினான். மூன்றாவது வரியில் எப்போதும் தடக்கினான். தடக்கும்போதெல்லாம் அருட்பிரகாசத்தின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "இன்னொருக்கால்" என்று மட்டும் சொன்னார்.

மே மாதம் முடிவதற்குள் தில்லையம்பலம் மாறிப்போனான். வகுப்பில் ஜெனவியேவ் கேள்வி கேட்டால், முன்பு முதலில் எழும்புகிற குரல் இப்போது எழும்பவில்லை. பேசத் தொடங்குவான், நடுவில் நிறுத்தி அருட்பிரகாசத்தின் முகத்தைப் பார்ப்பான், பிறகு தலையைக் குனிந்துகொள்வான். வகுப்பு முடிந்ததும் ஜெனவியேவ் அருட்பிரகாசத்தை நிறுத்தி, "மிசியே தில்லைக்கு என்ன நடந்தது? ஊரிலிருந்து கெட்ட செய்தியா?" என்று கேட்டார். அருட்பிரகாசம் இலக்கணச் சுத்தமாக, தமக்குத் தெரியாது என்றார். ஒரு பிழையும் இல்லாமல் அவர் வேகமாகச் சொல்லி முடித்த முதல் பிரெஞ்சு வாக்கியம் அது.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை, மதியம் தாண்டி, வகுப்புக்குப் புறப்படும் நேரத்தில் நாகேஸ்வரி அறைக் கதவைத் தட்டினாள். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். இடுப்பில் இருந்த நாலு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதது.

"தில்லை அண்ணை, காலமை தொடக்கம் பிள்ளைக்குக் காது குத்துது. காய்ச்சலும் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா வாங்கோ அண்ணை. எனக்குக் கதைக்கத் தெரியாது."

தில்லையம்பலம் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான்.

"மாஸ்ரரைக் கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி. எனக்குச் சரியாய் வராது. நான் ஏதும் பிழையாய்ச் சொல்லிப் பிள்ளைக்குப் பிழையான மருந்தைக் குடுத்தால்?"

நாகேஸ்வரி விளங்காமல் பார்த்தாள். அருட்பிரகாசம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். படியிறங்கும்போது அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. மறுபடியும் தன்னைக் கூப்பிட்டார்கள் அல்லவா.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் வேகமாகக் கேட்டாள். எப்போதிருந்து? எவ்வளவு காய்ச்சல்? தடுப்பூசிப் புத்தகம் எங்கே? அருட்பிரகாசம் முதல் கேள்விக்குப் பதிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது வந்துவிட்டது. அவர் 'காது' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் ஆண்பாலா பெண்பாலா என்று யோசித்தார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவன் உச்சுக்கொட்டினான். குழந்தை வீரிட்டு அழுதது.

"அண்ணை, சொல்லுங்கோவன்" என்றாள் நாகேஸ்வரி. "காது எண்டு சொல்லுங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

வாயிலிருந்து வந்தது ஒரு வாக்கியத்தின் முதற்பாதி மட்டும். அந்தப் பெண் பொறுமையிழந்து, அந்தப் பக்கம் உட்காரும்படி கைகாட்டினாள். "அடுத்த முறை பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள்" என்றாள்.

அவர்கள் இரண்டரை மணி நேரம் இருந்தார்கள். குழந்தை அழுது களைத்து நாகேஸ்வரியின் தோளில் முனகிக்கொண்டிருந்தது. கடைசியில் இளம் டொக்டர் ஒருவர் வந்து, கேட்காமலே காதைப் பார்த்துவிட்டு, சீழ் வைத்திருக்கிறது என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் நாகேஸ்வரி அவரை ஒரு குறையும் சொல்லவில்லை. "நீங்கள் என்ன செய்யிறது அண்ணை" என்றாள். "தில்லை அண்ணை வந்திருந்தால் அவளோடை ஏதும் பகிடி விட்டு உடனை உள்ளை போயிருப்பம். அவருக்கு என்ன, சுகமில்லையோ?"

தில்லையம்பலத்துக்கு என்ன என்று இந்த உலகத்தில் அருட்பிரகாசம் ஒருவருக்குத்தான் தெரியும்.

அறைக்கு வந்தபோது ஐந்தரை மணி. தில்லையம்பலம் வேலைக்கு உடுத்தியபடி, கட்டில் ஓரத்தில் கொப்பியை வைத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"பிள்ளைக்கு எப்பிடி மாஸ்ரர்?"

"மருந்து தந்திருக்கினம். தில்லை, அந்தக் கொப்பியைக் கிழியும்."

"என்ன?"

"நான் எழுதினதைக் கிழியும். நீர் கதைச்சது பிழை இல்லை. இஞ்சை பிறந்ததுகளே அப்பிடித்தான் கதைக்குதுகள். ஒருதரும் சிரிக்கமாட்டினம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

தில்லையம்பலம் கொப்பியை மடியில் வைத்தான். "ஏன்?"

அருட்பிரகாசம் சுவரைப் பார்த்தார். நியாயம் சொல்லப் பல வழிகள் இருந்தன.

"எரிச்சல்" என்றார். "உம்மிலை எரிச்சல். வேறை ஒண்டுமில்லை."

வெளியே மெத்ரோ மேம்பாலத்தில் ஏறிப் போனது.

"பாண் கடையிலை விரலாலை காட்டி வாங்கிறன் மாஸ்ரர்" என்றான் தில்லையம்பலம். "ஒரு மாசமாய். அந்த மனிசி கேக்கிறா, தொண்டை நோவோ எண்டு. லாவரிக்குப் போறதையே விட்டிட்டன். ஜிஸ்லேன் என்ன நினைக்கிறாளோ தெரியாது." அவன் கொப்பியை மூடினான். "நீங்கள் சொன்னால் சரி எண்டெல்லோ நினைச்சனான்."

கொப்பியைக் கிழிக்காமல் கட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

பத்து நாள் அவன் அவரோடு பேசவில்லை. அறையில் சோறு சமைத்தால் அவருக்கும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வைப்பான், ஆனால் கூப்பிடமாட்டான். வகுப்பில் வேறு வாங்கில் போய் உட்கார்ந்தான். அருட்பிரகாசம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதில் மும்முரமானான். நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. மட்டையில் அருட்பிரகாசம் கீறிய ஓரக்கோடுகளைத் தவிர எதுவும் இல்லை.

பதினோராவது நாள் திங்கட்கிழமை. தில்லையம்பலம் மட்டையை எடுத்து அவருக்கு முன்னால் தரையில் விரித்தான்.

"நான் கதைக்கிறதை அப்பிடியே எழுதுங்கோ. ஒரு சொல்லும் மாத்தப்படாது."

"எழுத்துப்பிழை?"

அவன் யோசித்தான். "அதைத் திருத்தலாம்."

வகுப்பின் கடைசி நாளில் அறை நிறைந்திருந்தது. மேரியிலிருந்து இரண்டு பேர், ஜெனவியேவின் பழைய சிநேகிதிகள், தேவாலயத்து ஆட்கள். ஜிஸ்லேனும் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். தில்லையம்பலம் போய்க் கூப்பிட்டிருந்தான். முதல் நிமிடம் அவன் தடுமாறினான். பழக்கத்தில் அருட்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்தான். அருட்பிரகாசம் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் ஜிஸ்லேனைப் பார்த்தான். அவளிடம் சொல்வதுபோலத் தொடங்கினான். மேசைவிரிப்புக் கிழவரைச் சொன்னபோது அறை அமைதியானது. பூனைக்குட்டியைச் சொன்னபோது மேரிக்காரர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

அருட்பிரகாசத்தின் பங்கு இரண்டு நிமிடம். முதல் நாள் லாவரியில் சவர்க்காரத்தூளை எங்கே போடுவது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் முடியாமல், ஊத்தை உடுப்போடு திரும்பிப் போனதைச் சொன்னார். தாளைப் பார்க்காமல் சொன்னார். இரண்டு இடத்தில் பிழை விட்டார். கைதட்டினார்கள். தில்லையம்பலத்துக்குக் கிடைத்த கைதட்டலும் தனக்குக் கிடைத்ததும் ஒன்றில்லை என்பது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

கலையும்போது மேரிக்காரர் தில்லையம்பலத்தின் தோளில் கைவைத்து, புதிதாக வருகிறவர்களுக்கு அலுவலகங்களுக்குக் கூடவே போய்ப் பேசிக் கொடுக்க ஆள் தேடுகிறோம், செப்டம்பரில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அவன் அந்த முகவரிச் சீட்டை அருட்பிரகாசத்திடம் நீட்டினான். அவர் வாசித்து, இடமும் நேரமும் சொன்னார்.

இருவரும் வேலைக்கு நடந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. இரண்டு தெரு தாண்டியதும் தில்லையம்பலம் அவர் பக்கம் திரும்பினான்.

"மாஸ்ரர், ஒண்டு கேக்கட்டே? இன்னும் எரிச்சல் இருக்கோ?"

அருட்பிரகாசம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஓம்" என்றார். "இருக்கு."

தில்லையம்பலம் தலையாட்டினான். அவனுக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை.

"இருக்கட்டும். எரிச்சல்படுங்கோ, அது உங்கடை பாடு. ஆனால் இனி என்ரை வாயிலை கை வைக்கப்படாது."

"வைக்கமாட்டன்."

சந்தியில் அவன் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நின்று, மணிக்கூட்டைப் பார்த்தான். "ஆறு ஆகப்போகுது. ஓடுங்கோ, உங்கடை சமையற்காரன் கத்தப்போறான்" என்றான். அருட்பிரகாசம் பச்சை விளக்குக்குக் காத்திராமல் தெருவைக் கடந்தார்.